மல்ஜா அக்காவின் குடலும் பே வம்சத்துப் படையலும்

மல்ஜா அக்காவுக்கு அவருடைய அப்பா வைத்த பெயரின் பொருள், ‘இதோடு நிறுத்து.’ நான்காவதும் பெண்ணாகப் பிறந்த கோபத்தில் வைத்தது. நம் தமிழ்நாட்டில் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அதே எண்ணம், அதே அயோக்கியத்தனம். எனக்குத்தான் ஆத்திரம் வரும், அக்காவுக்கு வராது. “எனக்கப்புறம் பையன் பொறந்தான் தம்பி. நான் பொறந்து நிறுத்தினேன், தெய்வம் கேட்டுச்சு” என்பார். தெய்வம் எதுவும் கேட்கவில்லை, தற்செயல் என்று நான் சொன்னால், “சரி, தற்செயல் என் பேச்சைக் கேக்குது. வீட்டுல வேற யாரு கேக்கறாங்க?” என்பார்.

தென்கொரியாவின் சாங்ஜு ஊர்ச் சந்தையில் என் சாவிக்கடைக்கு அடுத்த கடை அவருடையது. துணி திருத்திக் கொடுப்பார். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பார், ஜிப் மாற்றுவார், இடுப்பைப் பிடிப்பார், பிரிப்பார். சுசோக் என்ற அறுவடைப் பண்டிகை முடிந்த வாரம் ஊரே இடுப்பைப் பிரிக்க வரும். வாயோரத்தில் எப்போதும் இரண்டு குண்டூசிகள் இருக்கும். குண்டூசி வாயில் இருக்கும்போது அவர் பதில் சொல்ல மாட்டார், யாரும் வற்புறுத்தவும் மாட்டார்கள். பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி வந்தால் அவர் கை தானாகக் குண்டூசிப் பெட்டிக்குப் போவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் குடலில் ரத்தக் கசிவு உண்டா என்று பார்க்க அரசாங்கம் வருடாவருடம் ஒரு சின்னக் குப்பி தரும். அதில் எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதை நான் விளக்கப் போவதில்லை. குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று மேலே அச்சிட்டிருந்தது. அக்கா வீட்டில் குளிர்ந்த இடம் என்றால் கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாய் வைக்கிற குளிர்பெட்டிதான். குப்பியை ஒரு டப்பாவில் போட்டு, பழைய கிம்ச்சிக்கும் புதுக் கிம்ச்சிக்கும் நடுவில் வைத்துவிட்டார். அவர் கணவர் பே சாங்குக் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து, குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம்.

“ஏம்மா, இது என்ன விழுது?”

“மூடி வைங்க. அரசாங்கத்துக்குப் போக வேண்டியது.”

அரசாங்கம் என்றதும் மனிதர் இரண்டு கையாலும் பிடித்து மரியாதையாக மூடி வைத்துவிட்டார்.

முடிவு வந்தது. ரத்தக் கசிவு இருந்தது. உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று சந்தைக்குப் பின்னால் இருக்கும் கிளினிக்கில் சொன்னார்கள்.

இங்கே எல்லோரும் மயக்க ஊசி போட்டுக்கொண்டுதான் குழாய்ச் சோதனைக்குப் படுப்பார்கள். முழு மயக்கமல்ல, அரைத் தூக்கம். அந்த அரைத் தூக்கத்தில் மனிதர்கள் பேசுவார்கள், எழுந்ததும் பேசியது எதுவும் நினைவிருக்காது. எங்கள் சந்தையில் இதைப் பற்றி ஒரு தனிப் புராணமே உண்டு. அயிலை மீன் விற்கும் அம்மாவின் கணவர் நர்சின் கையைப் பிடித்து, “கட்டிக்கிறேன், என் பொண்டாட்டிகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க” என்றார். மாதாகோயில் பொருளாளர் ஒரு குடிகாரப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை பாடினார். அரிசிக் கேக் கடைக்காரர் தான் வாழ்நாள் முழுக்க எதிர்க்கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டதாக அறிவித்தார். எங்கள் வட்டாரத்தில் மற்ற இரண்டும் மன்னிக்கப்பட்டன.

அக்கா மட்டும் ஊசி வேண்டாம் என்றுவிட்டார். விழித்துக்கொண்டே படுத்தார். அன்று அவர் போட்ட கூச்சலில், வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தங்களுக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று சொல்லி வீட்டுக்குப் போனார்கள்.

ஏன் ஊசி வேண்டாம்? காரணம் எனக்குத் தெரியும். ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பே வம்சத்தில் சாங்குக் மூத்த மகன். ஆகவே மல்ஜா மூத்த மருமகள். ஆகவே வம்சத்தில் செத்துப்போனவர்கள் எல்லோரும் அவர் பொறுப்பு. மாமனார், மாமியார், அவர்களுக்கு முந்தியவர்கள், அவர்களுக்கும் முந்தியவர்கள், தவிர வருடத்தில் இரண்டு பெரும் பண்டிகைகள். எல்லாவற்றுக்கும் படையல். படையலின் உயிர் ஜோன். மீன், பூசணிப்பிஞ்சு, சோயாக்கட்டி எல்லாவற்றையும் வில்லை வில்லையாக நறுக்கி, மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, தட்டைக் கல்லில் ஒவ்வொன்றாகச் சுட வேண்டும். தரையில் குந்தி ஒரு நாள் முழுக்கச் சுட்டால்தான் ஒரு வம்சத்துக்குப் போதும்.

இதில் நியாயம் எப்படிப் போகிறது பாருங்கள். பே வம்சத்துப் பிணங்களுக்குச் சமைப்பவள் பே வம்சத்தில் பிறக்காதவள். பே வம்சத்தில் பிறந்த ஆண்கள் குளித்து, கோட்டுப் போட்டு வந்து விழுந்து கும்பிடுவார்கள். சமைத்தவள் கும்பிடக்கூட முன்னால் வரக் கூடாது. அடுப்படி வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். பிறகு தட்டுகளைக் கழுவலாம். இதற்குப் பெயர் பண்பாடாம்.

மாமியார் இறந்த அடுத்த பண்டிகையிலேயே அக்கா சுடுவதை நிறுத்திவிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்ச் சந்தையில் ஒரு கிழவர் ஜோன் சுட்டு விற்கிறார். பண்டிகைக்கு முந்தின நாள் நான் வேன் எடுத்துக்கொண்டு போய், பூட்டுகள் வரும் அட்டைப்பெட்டியில் வைத்து வாங்கி வருவேன். அக்கா அதைக் கல்லில் போட்டுச் சூடு காட்டுவார், வீடெல்லாம் எண்ணெய் மணக்க வேண்டுமல்லவா. கன்னத்தில் கொஞ்சம் மாவு தடவிக்கொள்வார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, முதுகு போச்சே” என்று உள்ளே வருவார். எத்தனையோ வருடங்களாக இது நடக்கிறது. ஜோனில் பூட்டு வாசனை அடிக்கிறது என்று இறந்தவர்களும் சொல்லவில்லை, இருப்பவர்களும் சொல்லவில்லை. சின்ன மாமனார், அதாவது சாங்குக்கின் சித்தப்பா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், ஒவ்வொரு வருடமும் ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடுவார். “அண்ணி போனதுக்கு அப்புறம்தான் மூத்தவ கைக்குப் பக்குவம் வந்திருக்கு.”

சாங்குக்கின் தங்கை ஓக்புன் இன்னும் ஒரு படி மேலே. மதியத்துக்கு மேல் புகுந்த வீட்டு வேலை முடித்துப் பிறந்த வீட்டுக்கு வருவாள். ஒரு மீன் ஜோனை வாயில் போட்டதும் அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டும். “எங்க அம்மா கை மணம் அப்படியே இருக்கு அண்ணி!” என்பாள். அக்கா தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று எல்லோரும் நினைப்பார்கள்.

இந்த ரகசியம் அரைத் தூக்கத்தில் வாயை விட்டு வெளியே வந்தால்? அதற்குத்தான் அந்தக் கூச்சல், அந்த வேதனை எல்லாம்.

கிளினிக் டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். பெருங்குடலின் சுவரில் தட்டையாக, வட்டமாக, ஓரம் லேசாகச் சிவந்து ஒரு சதை ஒட்டியிருந்தது.

“பூசணிப்பிஞ்சு ஜோன் மாதிரி இருக்கே டாக்டர்” என்றார் அக்கா.

“இது இப்ப புற்றுநோய் இல்லம்மா. ஆனா போற வழி அதுதான். விட்டா ஒரு நாள் போய்ச் சேந்துடும். அகலமா ஒட்டியிருக்கு, இங்க எடுக்க முடியாது. தேகுவிலே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்.”

தேகு ஆஸ்பத்திரியில் டாக்டர் நாம் என்று ஒரு இளம்பெண். கணீரென்று பேசினார். “அடியிலே மருந்தைச் செலுத்திச் சதையைக் கொஞ்சம் மேலே தூக்குவோம். சுத்திக் கீறி, பதமா உரிச்சு எடுத்துடுவோம். வயித்தைக் கிழிக்க வேண்டாம். ஆனா நீங்க அசையவே கூடாது. அதனால மயக்கம் கட்டாயம்.”

“நான் அசைய மாட்டேம்மா. நாள் முழுக்க அசையாம உக்காந்து தைக்கிறவ நான்.”

“கத்தவும் கூடாது.”

“அது கொஞ்சம் கஷ்டம்.”

சுசோக்குக்கு முந்தின வாரம் ஒரு நாள் காலியாக இருந்தது. அதை விட்டால் குளிர்காலம். அக்கா யோசிக்காமல், “குளிர்காலமே இருக்கட்டும்” என்றார்.

திரும்பி வரும்போது வேனில் நான் கத்தினேன். “ஒரு தட்டு ஜோனுக்காகக் குடல்ல புத்துநோயை வளர்ப்பீங்களா? செத்தவங்களுக்குப் பயந்து நீங்க சாவீங்களா?”

“செத்தவங்களுக்கு எவன் பயந்தான்? இருக்கறவங்களுக்குத்தான் பயம்” என்றார் அக்கா. “புத்துநோய்னா ஒரு சாவோட போச்சு தம்பி. இது தெரிஞ்சா ஒவ்வொரு பண்டிகைக்கும் சாவு. ஓக்புன் இருக்காளே, எனக்கே படையல் வெச்சு அதுலயும் குத்திக் காட்டுவா.”

என் பகுத்தறிவு எல்லாம் வேன் பெட்ரோல் போலத் தீர்ந்துபோனது. வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது சின்ன மாமனார் கைத்தடியோடு காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டார். தொண்டையைக் கனைத்தார்.

“சரியாத்தான் முடிவு பண்ணியிருக்கே மூத்தவளே. சதை எங்கேயும் ஓடிடாது. சுசோக் வந்துட்டுப் போயிடும். முன்னோர் முதல்ல, குடல் அப்புறம்.”

அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அங்கேயே நின்றுகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். “முந்தின வாரம் சொன்னீங்களே, அந்த நாளையே குடுத்துடுங்க.”

நான் ஒரு மணி நேரம் வாதாடியும் அசையாத மனிதர். சின்ன மாமனார் ஒரு வாக்கியத்தில் அசைத்துவிட்டார். அந்த ஒரு உதவிக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

அடுத்த சிக்கல் துணையாள். மயக்கம் கொடுத்துச் செய்வதென்றால் கையெழுத்துப் போட்டுக் கூடவே இருக்க வீட்டு ஆள் ஒருவர் வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. நான் வருகிறேன் என்றேன். “நீங்க நோயாளிக்கு என்ன உறவு?” “பக்கத்துக் கடை.” “அது உறவு இல்லைங்களே.” இருபது வருடமாகத் தினமும் ஒரே கெட்டிலில் காபி குடிப்பது உறவில்லையாம். வருடத்துக்கு ஒரு முறை வந்து ஜோன் தின்றுவிட்டு அழுவது உறவாம். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான், எந்தக் கடலில் என்று அவனுக்கே தெரியாது. மிஞ்சியது கணவர்.

சாங்குக் முந்தின ஞாயிற்றுக்கிழமை மூதாதையர் கல்லறை மேட்டில் புல் வெட்டப் போனார். பண்டிகைக்கு முன் வருடாவருடம் வெட்டுவதுதான். புல்வெட்டும் எந்திரம் தாத்தாவின் தலைமாட்டில் இருந்த குளவிக்கூட்டில் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் கண் இருந்த இடமே தெரியவில்லை. உதடு மட்டும் தனியாக முன்னால் நடந்து வந்தது. “கும்பிடப் போன பேரனைக் காப்பாத்தாத தாத்தாவுக்கா இத்தனை படையல்?” என்று கேட்டேன். அவர் ஏதோ பதில் சொன்னார். உதட்டைத் தாண்டி எதுவும் வெளியே வரவில்லை.

ஆக, துணையாள் ஓக்புன்.

ஓக்புன் முந்தின நாளே பெட்டியோடு வந்து இறங்கினாள். மூன்று நாளாக அக்காவுக்குக் கிம்ச்சி கிடையாது, கடற்பாசி கிடையாது, விதை உள்ள பழம் கிடையாது, வெள்ளைக் கஞ்சி மட்டும். குடலைக் கழுவும் மருந்துத் தண்ணீரை ஜாடியில் கலக்கி வைத்துக்கொண்டு ஓக்புன் எதிரே உட்கார்ந்தாள்.

“குடிங்க அண்ணி.”

“குடிச்சேனே நாத்தனாரே.”

“அடியிலே மிச்சம் இருக்கு. எங்க அம்மா உங்களுக்கு இதைச் சொல்லித் தரலையா? எதையும் மிச்சம் வெக்கக் கூடாது.”

கணவனின் தங்கை பத்து வயது இளையவளாக இருந்தாலும் ‘நீங்க’ என்றுதான் அழைக்க வேண்டும், அது இங்கே முறை. அக்கா முறை தவறாமல், “குடிச்சிடறேன், நீங்க கொஞ்சம் நகந்துக்குங்க” என்று எழுந்து கழிப்பறைக்கு ஓடினார். அதே நேரத்தில் கண் தெரியாத சாங்குக் சுவரைத் தடவிக்கொண்டு அதே கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பிறகு நடந்ததை நான் எழுத மாட்டேன். தாழ்ப்பாளைத் திறக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் ஒரு பூட்டைத் திறந்ததில்லை.

மறுநாள் காலை வேனில் தேகுவுக்குப் போகும் வழியெல்லாம் அக்கா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தபடி வந்தார்.

“சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளைப் பழம் மேற்கே. மீன் கிழக்கே, இறைச்சி மேற்கே. தலை கிழக்கே, வால் மேற்கே.”

படையல் மேசையில் எதை எங்கே வைப்பது என்ற சூத்திரம் அது. வம்சத்து ஆண்கள் வருடாவருடம் இதற்காக அடித்துக்கொள்வார்கள், ஒரு பேரிக்காயைக்கூட அவர்கள் கழுவியதில்லை.

“பாத்தீங்களா சாவிக்காரரே!” என்றாள் ஓக்புன், கண் கலங்கி. “உசிருக்கு ஆபத்துன்னு போறப்பகூட அண்ணி நினைப்பு எங்க வீட்டுப் படையல்லதான் இருக்கு.”

ஓக்புன் கழிப்பறைக்குப் போக வண்டியை நிறுத்தியபோது அக்கா ஒரு கண்ணைத் திறந்தார். “எதை நினைச்சுக்கிட்டே தூங்கறமோ அதைத்தான் உளறுவோமாம். அயிலைக்காரம்மா சொன்னா. நாக்கைப் பழக்கறேன்.”

“அறிவியல்படி அப்படி ஒண்ணும் இல்லைக்கா.”

“நீ வண்டியை ஓட்டு.”

உள்ளே கொண்டுபோனார்கள். வெகுநேரம் ஆயிற்று. ஓக்புன் கைப்பையைப் பிசைந்துகொண்டு நடந்தாள். வசவும் வேண்டுதலும் மாறி மாறி வந்தன. “இந்தப் பாவி அண்ணிக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாருகிட்டே குறை சொல்லுவேன்?” என்று அவள் கேட்டபோது எனக்கே அவள் மேல் ஒரு கனிவு வந்துவிட்டது. கடைசியில் டாக்டர் நாம் வந்தார். சதை முழுதாக ஒரே வில்லையாக வந்துவிட்டது என்றார். உள்ளே புற்றுநோய் தொடங்கியிருக்கிறதா என்பது சதையைச் சோதித்த பிறகுதான் தெரியும், சில நாள் ஆகும், அது வரை கஞ்சிதான், பளு தூக்கக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது என்றார்.

அக்காவைப் படுக்கைக்குக் கொண்டுவந்தார்கள். கண் பாதி மூடியிருந்தது, வாய் முழுதாகத் திறந்திருந்தது. நான் அவருடைய செருப்புப் பையோடு அறை வாசலில் நின்றேன். அந்த நேரம் பார்த்து ஓக்புன் கைப்பேசியில் சின்ன மாமனாரின் முகம் வந்தது. பின்னால் சாங்குக்கின் வீங்கிய முகம், இன்னும் இரண்டு பங்காளிகள்.

“எப்படி இருக்கா? பேச்சு வருதா?”

“முணுமுணுக்கிறாங்க சித்தப்பா. கேளுங்க, நீங்களே கேளுங்க” என்று ஓக்புன் பெருமையோடு கைப்பேசியை அக்காவின் வாயருகே பிடித்தாள்.

“சிவப்பு கிழக்கே” என்றார் அக்கா. “வெள்ளை மேற்கே.”

சின்ன மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இவ அல்லவோ மருமகள்!”

“மீன் கிழக்கே. இறைச்சி மேற்கே. தலை கிழக்கே. வால் மேற்கே” என்றார் அக்கா. சற்று மூச்சு வாங்கினார். “ஜோன் ஆத்துக்கு அந்தப் பக்கம். கெழவர்கிட்ட. பூட்டுப் பெட்டியிலே வரும்.”

அறையில் மற்ற மூன்று படுக்கைக்காரர்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

“என்ன சொல்றா?” என்றது கைப்பேசி.

“மாவைக் கன்னத்துல தடவணும்” என்றார் அக்கா, தெள்ளத் தெளிவாக. “நிறையத் தடவுனா சந்தேகம் வரும்.”

ஓக்புன் குனிந்தாள். “அண்ணி? என்ன அண்ணி சொல்றீங்க? ஜோன் யாரு சுடறது?”

“ஏண்டி ஓக்புன்.” இருபத்தெட்டு வருட ‘நீங்க’ ஒரே மூச்சில் ஓடிப்போனது. “நீ என்னத்துக்குடி வருஷா வருஷம் கடைச் சரக்கைத் தின்னுட்டு அழுவறே? அந்தக் கெழவருக்கு மீசை இருக்குடி. உங்க அம்மா கை மணமாம்!”

ஓக்புன் சிலையாகிவிட்டாள். கைப்பேசியில் பே வம்சமே சிலையாகிவிட்டது. வாசலில் நான் செருப்புப் பையால் வாயை மூடிக்கொண்டேன்.

“மூத்தவளே!” என்றார் சின்ன மாமனார், வகுப்பறைக் குரலில். “எங்க அண்ணனுக்குக் கடை ஜோனா வெச்சே?”

“சின்ன மாமாவா? வாங்க. உங்க அண்ணன் இத்தனை வருஷமாத் தின்னுட்டு ஒரு ஏப்பம்கூட விடலை. பிடிக்கலைன்னா அவரே வந்து சொல்லட்டும். நீங்க ஏன் நடுவுல? நீங்கதான் மிச்சத்தையெல்லாம் பொட்டலம் கட்டிக்கிட்டுப் போறவரு.”

என் வாழ்நாளில் நான் படித்த எந்தப் பகுத்தறிவு நூலும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

 பிறகு சின்ன மாமனார் கனைத்தார். “இது பெரிய அவமானம். பண்டிகைக்கு ஒரு வாரம்தான் இருக்கு. வீட்டுக்கு வந்ததும் அவ கையாலயே எல்லாத்தையும் சுட்டு, முன்னோர்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும்.”

ஓக்புன் நிமிர்ந்தாள். அவள் முகம் சாங்குக்கின் முகத்தை விடச் சிவந்திருந்தது. அக்காவின் மேல்தான் பாயப் போகிறாள் என்று நான் முன்னால் வந்தேன். அவள் கைப்பேசியின் மேல் பாய்ந்தாள்.

“குடல்ல இருந்து இப்பத்தான் சதையை உரிச்சு எடுத்திருக்காங்க சித்தப்பா! குந்தவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க! இவங்க சுடணுமா? நீங்க சுடுங்களேன். உங்க அண்ணன்தானே? நான் மட்டும் என் புகுந்த வீட்டுல யாரோ முகம் தெரியாத கெழவனுக்கு விடியக் காலையிலேருந்து சுட்டுட்டு வரேன். எனக்கு இந்த யோசனை தோணவே இல்லையேன்னு வயிறு எரியுது!” மூச்சு வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். “அழுதேனே பாவி, அத்தனை வருஷம் அழுதேனே!” என்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது, அந்த அம்மா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் வந்து எல்லோரையும் அதட்ட வேண்டியதாயிற்று.

கைப்பேசியில் கடைசியாக, தயங்கித் தயங்கி, சின்ன மாமனாரின் குரல் கேட்டது.

“அது சரி, அந்தக் கடை எங்க இருக்குன்னு சொன்னா?”

ஓக்புன் பட்டென்று அணைத்துவிட்டாள்.

மயக்கம் முழுதாகத் தெளிந்தபோது அக்கா முதலில் என்னைப் பார்த்து, “உளறினேனா?” என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். 

“எதுவுமே ஞாபகம் இல்லையே தம்பி” என்றார். “நிஜமாவே இல்லை.” பிறகு மெல்ல அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. “மயக்கத்துல சொன்னது யாருக்கும் ஞாபகம் இருக்காதில்ல?”

வீட்டுக்கு வந்ததும் பஞ்சாயத்து கூடியது. அக்கா நாற்காலியில் சாய்ந்து கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தார். கடையா? எந்தக் கடை? ஆறா? எந்த ஆறு? அப்படியா சொன்னேன்? ஊசி பொல்லாத ஊசி மாமா, ஏதேதோ பேச வைக்குமாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உறவு இல்லை, எனக்கு எப்படித் தெரியும் என்றேன். சாங்ஜுவைச் சுற்றி ஆறுகளும் கிழவர்களும் ஏராளம்.

ஆகவே சுசோக்குக்கு முந்தின நாள், வரலாற்றில் முதல் முறையாக, பே வம்சத்து ஆண்கள் அடுப்படித் தரையில் குந்தினார்கள். சாங்குக்குக்கு ஒரு கண் திறந்திருந்தது. பங்காளி ஒருவர் முட்டையில் தோய்த்த பிறகு மாவில் புரட்டினார். சின்ன மாமனார் கழுத்துப்பட்டியோடு வந்திருந்தார், அதன் நுனி முட்டையில் தோய்ந்தது. அதையும் சுட்டுவிடுவாரோ என்று பார்த்தேன். மீன் கல்லோடு ஒட்டிக்கொண்டது. அவர் கரண்டியால் சுரண்டினார். பிய்ந்து வந்தது.

“சுரண்டக் கூடாது மாமா” என்றார் அக்கா நாற்காலியிலிருந்து. “அடியிலே எண்ணெய் விட்டு முதல்ல மேலே தூக்கணும். அப்புறம் ஓரத்தைச் சுத்தி விடுங்க. அப்புறம் பதமா உரிச்சு எடுங்க. என் வயித்துல அந்தப் பொண்ணு அப்படித்தான் எடுத்துச்சு. ஒரே வில்லையா வந்துச்சாம்.”

“அந்தக் கதையைச் சமையல் பண்றப்ப சொல்லாதேம்மா” என்றார் சாங்குக்.

அந்தக் கரிப்புகையின் நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அக்கா கிண்ணத்தை வைத்துவிட்டு இரண்டு கையாலும் கைப்பேசியைப் பிடித்தார். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அவர் உதடு ஆடிக்கொண்டிருந்தது. சிவப்பு கிழக்கே என்று சொல்லிக்கொண்டாரோ என்னவோ. “சரிங்க” என்றார். “ஆமாங்க” என்றார். “ரொம்ப நன்றிங்க” என்றார். பிறகு வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

“உள்ளே புத்துநோய் இல்லையாம். ஓரமெல்லாம் சுத்தமாம்.”

சாங்குக் திறந்திருந்த ஒரு கண்ணால் அழுதார். மற்றொன்றிலிருந்தும் எப்படியோ வழியைக் கண்டுபிடித்துத் தண்ணீர் வந்தது. “மீன் கருகுது, திருப்புங்க” என்றார் அக்கா.

மறுநாள் காலைப் படையலில் கருகிய ஜோன்கள் மேற்கிலா கிழக்கிலா என்று யாரும் சண்டை போடவில்லை. சுட்டவர்களுக்கு முதுகு நிமிரவில்லை. விழுந்து கும்பிட்ட சின்ன மாமனாரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. அக்கா நாற்காலியை அடுப்படி வாசலில் போடவில்லை. மேசைக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு கஞ்சியைக் குடித்தார். 

பண்டிகைக்கு அடுத்த வாரம் எங்கள் சந்தையில் எல்லோரும் வழக்கம்போல் இடுப்பைப் பிரிக்க வந்தார்கள். இடுப்பைப் பிடிக்க வந்தவர் ஒருவர்தான். அக்கா அவரைச் சுற்றி வந்து, தொளதொளவென்று நின்ற கால்சட்டையைக் கையால் பிடித்துப் பார்த்தார்.

“திரும்பவும் எப்ப குழாய் விட்டுப் பாக்கணும்னு சொன்னாங்க மூத்தவளே?” என்றார் சின்ன மாமனார், வேறு எங்கோ பார்த்தபடி.

“அடுத்த வருஷம் மாமா. இன்னொண்ணு முளைச்சிருக்கான்னு பாக்கணுமாம்.”

“பண்டிகைக்கு முன்னாடியேவா?”

“முன்னாடியேதான்.”

“அப்ப நல்லது.” கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். “ஓக்புனுக்கு வீட்டு வேலை நிறைய. சாங்குக்கைக் குளவி கொட்டினாலும் கொட்டும். துணைக்கு நானே வரேன். மயக்கம் தெளியற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். ஆமா, அந்தக் கடை...”

அக்காவின் கை குண்டூசிப் பெட்டிக்குப் போனது. இரண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, அவருடைய இடுப்பை அளக்க ஆரம்பித்தார்.